தேவாங்கும் மூழ்காத கண்டமும்

பெங்களூரின் பழைய ஆட்கள் இன்னும் டாடா இன்ஸ்டிட்யூட் என்றே சொல்கிற இந்திய அறிவியல் கழக வளாகத்தில் தேவாங்கு வாழ்கிறது என்று ஊரில் போய்ச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. எங்களுக்கு அய்யலூர்ப் பக்கம். அங்கே மலையடிவாரத்தில் இருக்கிற பிராணி அது. 2022-ல் தமிழ்நாடு அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது, அது எங்கள் ஊருக்கே ஒரு பெருமை. அதே பிராணி பெங்களூரின் நடுவில், யஷ்வந்த்பூர் ரயில் சத்தத்துக்குப் பக்கத்தில், ராத்திரியானால் மரத்துக்கு மரம் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கிறது.

அக்கா மகள் அல்சூரில் எங்கள் வீட்டில் தங்கித்தான் படிக்கிறாள். போன மாதம் நண்பர்களோடு தேவாங்கு பார்க்கப் போய்விட்டு வந்து, சாப்பிட உட்காரும்போதே ஆரம்பித்தாள். "மாமா, தேவாங்கோட நெருங்கின சொந்தத்துல சிலது ஆப்பிரிக்காவுல இருக்காம், தூரத்துச் சொந்தம் மடகாஸ்கர்ல இருக்காம். அப்ப இது எப்படி இங்க வந்துச்சு?" அந்த வாரம்தான் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில், மொரீஷியஸ் தீவுக்கு அடியில் குமரிக்கண்டம் கிடைத்துவிட்டது என்று ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள். "அப்ப அந்தக் கண்டம் வழியாத்தான் வந்திருக்கும், இல்ல?"

அவள் கேட்டதில் தப்பே இல்லை. 160 வருடத்துக்கு முன்னால் லண்டனில் ஒரு விலங்கியலாளர் அச்சு அசலாக இதையேதான் நினைத்தார். அந்த நினைப்புக்கு அப்புறம் என்ன ஆனது என்று பார்த்தால், அறிவியலில் எதை நம்பலாம், எதை 'இருக்கட்டும், பார்ப்போம்' என்று வைக்க வேண்டும் என்பது எந்தப் பாடப்புத்தக விளக்கத்தையும் விடத் தெளிவாகப் புரிகிறது. அதனால்தான் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் அவள் அந்த ராத்திரி செய்த வேலையை எடுத்துக்கொள்வோம். சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிய டார்ச்சோடு மெதுவாக நடக்க வேண்டும், தேவாங்கின் கண் வெளிச்சம் பட்டால் தணல் மாதிரி மின்னும், மின்னிய இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். இப்படி இருபது ராத்திரி நடந்தீர்கள், பார்த்த தேவாங்கு எல்லாமே கிளையோடு கிளை கோத்துக் கிடக்கிற மரங்களில்தான் இருந்தது என்று வையுங்கள். 'தேவாங்கு கிளை இணைந்த மரங்களில்தான் வாழும்' என்று எழுதிக்கொள்வீர்கள். பார்த்த பலவற்றிலிருந்து பார்க்காத எல்லாவற்றுக்கும் ஒரு பொதுவிதி. இதுதான் தொகுத்தறிதல், பி.எட். படித்தவர்கள் விதிவருமுறை என்று படித்திருப்பார்கள். நல்ல முறை. தேவாங்குக்குத் தாவத் தெரியாது, பற்றிப் பற்றித்தான் ஏறும், அதனால் சாலை போட ஒரு வரிசை மரத்தை வெட்டினால் அதன் உலகமே இரண்டாகப் பிளந்துவிடும் என்பதெல்லாம் இப்படிப் பொறுமையாகப் பார்த்ததில் கிடைத்த அறிவுதான்.

ஆனால் இருபத்தோராவது ராத்திரி ஒரு தேவாங்கு தரையில் இறங்கிச் சாலையைக் கடந்தால்? கடப்பதும் உண்டு. எத்தனை ராத்திரி பார்த்தாலும் அடுத்த ராத்திரிக்கு உத்தரவாதம் கிடையாது என்று 18-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் ஹியூம் எழுதியதைத்தான் தொகுத்தறிதலின் சிக்கல் என்று கல்லூரிகளில் சொல்லித்தருகிறார்கள். நம்மிடம் இந்தச் சண்டை அதற்கு வெகு காலம் முன்பே நடந்திருக்கிறது. மணிமேகலையில் சமயக் கணக்கர்களோடு பேசும் காதையில் பூதவாதி ஒருவன் வருகிறான். கண்ணால் காண்பதைத் தவிர வேறு எதையும் ஏற்க மாட்டேன், கருதி அறிவதெல்லாம் செல்லாது என்கிறான். மணிமேகலை அவனிடம் கேட்பது ஒரே கேள்வி: உன் தாய் தந்தையை நீ அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்? பிறந்தபோது யாரும் கண்ணால் பார்த்துச் சரிபார்த்துக்கொள்வதில்லையே. காண்டல், கருதல் என்று இரண்டு வழிகளை அப்போதே பிரித்து வைத்திருந்தார்கள். கருதுகோள் என்ற இன்றைய சொல்லுக்குள்ளும் அந்தக் 'கருது' இருக்கிறது. எண்ணுதல் என்ற நம் சொல்லையும் பாருங்கள், ஒன்று இரண்டு என்று எண்ணுவதும் அதுதான், மனதில் நினைப்பதும் அதுதான். இந்த இரண்டு எண்ணுதலுக்கும் நடுவில்தான் அறிவியலே நடக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

சரி, லண்டன்காரருக்கு வருவோம். பெயர் பிலிப் ஸ்க்ளேட்டர், லண்டன் விலங்கியல் சங்கத்தின் செயலாளர். 1864-ல் மடகாஸ்கர் பாலூட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் வேலை எண்ணுவதில்தான் ஆரம்பித்தது. லெமூர் வகைப் பிராணிகள், அதாவது தேவாங்கும் மடகாஸ்கர் லெமூரும் சேர்ந்த குரங்கின் தூரத்துச் சொந்தங்கள், மடகாஸ்கரில் 30 இனம், ஆப்பிரிக்கா முழுவதும் சேர்த்து 11, 12 தான், இந்தியப் பக்கம் 3 மட்டும். நம் தேவாங்கு அந்த மூன்றில் வருகிறது. பக்கத்திலேயே இருக்கிற பெரிய ஆப்பிரிக்காவில் கொஞ்சமாகவும், கடலுக்கு நடுவே இருக்கிற தீவில் கொட்டிக் கிடப்பதாகவும் இருந்தால், கடல் தாண்டி இந்தியாவிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தால், நடுவில் ஒரு நிலம் இருந்திருக்க வேண்டும் அல்லவா? அந்த நிலத்துக்கு லெமூரியா என்று பெயர் வைத்தார்.

இதை மோசமான அறிவியல் என்று சொல்லவே மாட்டேன். எண்ணிக்கை உண்மை, புதிர் உண்மை, அன்றைக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் விடையும் நியாயமானது, நிலம் எழும் மூழ்கும் என்றுதான் அப்போது பெரிய பெரிய புவியியலாளர்களே நினைத்தார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். லெமூர் எங்கே எத்தனை என்பது எண்ணியது, நடுவில் கண்டம் என்பது எண்ணிக்கொண்டது. அந்தக் கண்டத்திலிருந்து ஒரு கல்லைக்கூட யாரும் பார்க்கவில்லை.

சிக்கல் அடுத்து வந்தவர்களிடம் தொடங்கியது. ஜெர்மனியின் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹேக்கல் மனித இனமே லெமூரியாவில்தான் தோன்றியிருக்கும் என்று கொண்டுபோனார். ஆதிமனிதரின் புதைபடிவம் எங்கே என்று கேட்டால் அதுதான் கடலுக்கடியில் போய்விட்டதே என்று பதில் சொல்ல வசதியாக இருந்தது. இந்த இடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சான்று இல்லாததையே சான்றாக்கிக்கொள்ள ஓர் ஊகம் அனுமதித்துவிட்டால், அதை யாராலும் எந்தக் காலத்திலும் தப்பென்று காட்ட முடியாது. காட்ட முடியாததால் அது வலுவானது என்று தோன்றும், உண்மையில் அது உலகத்தைப் பற்றி எதுவுமே சொல்லாத நிலைக்குப் போயிருக்கும். அப்புறம் அந்தப் பெயர் தமிழ்நாட்டுக்கும் வந்தது. பஃறுளி ஆறும் குமரிக்கோடும் கடல்கொண்டதாகச் சிலப்பதிகாரம் சொல்வது நம் மனதில் ஏற்கெனவே இருந்தது, இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அந்தப் பற்று எனக்கும் உண்டு, சின்ன வயதில் கேட்ட கதை அது. அதனால்தான் இதை ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

கண்டம் மூழ்குமா என்ற கேள்விக்கு விடை வேறு எங்கிருந்தோ வந்தது, அதுவும் இந்தியாவில் நடந்த அளவையிலிருந்தே. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் 1800-ல் பெங்களூரில் சோதனையாக ஓர் அடிக்கோடு, அதாவது மற்ற தூரங்களைக் கணக்கிட ஆதாரமாக வைக்கிற நேர்கோடு, அளந்தார், 1802-ல் சென்னையில் பரங்கிமலையிலிருந்து முறையான அளவையைத் தொடங்கினார், அது வடக்கே இமயமலை வரைக்கும் போனது. வடக்கே கலியானா, அதற்குத் தெற்கே கலியான்பூர் என்ற இரண்டு இடங்களுக்கு நடுவிலான தூரத்தை நிலத்தில் அளந்தால் ஒன்று வந்தது, நட்சத்திரத்தை வைத்துக் கணக்கிட்டால் வேறு வந்தது. வித்தியாசம் ஒரு பாகையை 3,600 பங்காகப் பிரித்தால் அதில் 5 பங்குதான். சின்னப் பிழை என்று விட்டிருக்கலாம், விடவில்லை. இமயமலையின் ஈர்ப்பு தூக்குக்குண்டை, கொத்தனார் சுவர் செங்குத்தா என்று பார்க்கிற அதே குண்டுநூலை, தன் பக்கம் இழுக்கிறதோ என்று கல்கத்தாவிலிருந்த ஜான் பிராட் என்ற பாதிரியார் கணக்குப் போட்டார். அங்கேதான் வேடிக்கையான ஒன்று வந்தது. மலையின் பருமனுக்குக் குண்டு 15 பங்குக்கும் மேல் சாய்ந்திருக்க வேண்டும், சாய்ந்ததோ அதில் மூன்றில் ஒன்று. மலை தோற்றத்தில் இருக்கிற அளவுக்குக் கனம் இல்லை.

1855-ல் ஜார்ஜ் ஏரி என்ற பிரிட்டிஷ் வானியலாளர் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். மலை என்பது தண்ணீரில் மிதக்கிற மரக்கட்டை மாதிரி, அடியில் லேசான பாறை வேர் மாதிரி ஆழமாக இறங்கியிருக்கிறது, அதனால் மொத்தத்தில் கனம் குறைகிறது. இதுவும் ஊகம்தான், பூமிக்கடியில் யாரும் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் இது எண்களில் பேசியது, தப்பென்றால் எங்கே போய் அளந்தாலும் மாட்டிக்கொள்ளத் தயாராக இருந்தது. பிறகு உலகத்தின் பல இடங்களில் ஈர்ப்பை அளந்து அளந்து கண்டங்கள் லேசான பாறை, கடல்தரை கனமான பாறை என்பது உறுதியானது. லேசானது கனமானதற்குள் நாலு கிலோமீட்டர் ஆழத்துக்கு முழுகாது. ஒரு முழுக் கண்டம் அப்படியே மூழ்கியது என்ற பேச்சு அங்கேயே ஆட்டம் காணத் தொடங்கிவிட்டது.

அப்படியானால் ஒரே மாதிரியான புதைபடிவங்கள் கடல் தாண்டிக் கிடப்பது எப்படி? 1912-ல் ஆல்பிரட் வெகனர், அவர் ஒரு வானிலை ஆய்வாளர், கண்டங்களே நகர்ந்தன என்றார். குளோசாப்டெரிஸ் என்ற செடியின் படிவம் இந்தியா, தென்னாப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா எல்லா இடத்திலும் கிடைக்கிறது, பாறை வரிசைகள் பொருந்துகின்றன, கரைகளின் வடிவம் பொருந்துகிறது. இத்தனை எண்ணியும் அவரைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை, ஏனென்றால் எது தள்ளியது என்பதற்கு அவர் சொன்ன விசைகள் கணக்கில் துளியும் போதவில்லை. கண்டத்தை நகர்த்திவிட்ட கிறுக்கர் என்று பின்னால் ஒரு வீரக்கதையாக இதைச் சொல்வதுண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. அன்றைக்கு மறுத்தவர்களிடமும் நியாயம் இருந்தது. அவர் 1930-ல் கிரீன்லாந்துப் பனியில் இறந்துபோனார், விடை வராமலே.

விடை வந்த விதம்தான் எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த பகுதி. 1950-களில் அமெரிக்க மேற்குக் கடற்கரைக்கு வெளியே கப்பலுக்குப் பின்னால் காந்தமானியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்க் கடல்தரையின் காந்தத்தை வரிவரியாக அளந்தார்கள். 1961-ல் மேசன், ராஃப் என்ற இருவர் அந்த வரைபடத்தை வெளியிட்டபோது அது பவானி ஜமுக்காளம் மாதிரி இருந்தது, ஒரு பட்டை வலுவான காந்தம், அடுத்த பட்டை பலவீனம், மறுபடி வலுவு, இப்படி நூற்றுக்கணக்கான மைல். அற்புதமான தரவு. ஆனால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியவில்லை. எண்ணிக்கை மட்டும் போதும், சேர்த்துக்கொண்டே போனால் விதி தானாக எழும்பி வரும் என்று நினைக்கிறவர்கள் இந்த ஜமுக்காளத்தை ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். அது தானாக எதுவும் பேசவில்லை.

1962-ல் ஓவன் என்ற பிரிட்டிஷ் கப்பலில் டிரம்மண்ட் மேத்யூஸ் வடமேற்கு இந்தியப் பெருங்கடலில் கார்ல்ஸ்பெர்க் முகடு என்ற கடலடி மலைத்தொடரை அளந்தார். ஸ்க்ளேட்டர் தன் கண்டத்தை வைத்ததும் இந்தக் கடல் பக்கம்தான்! கேம்பிரிட்ஜில் அவருடைய மாணவர் ஃபிரெட் வைன் அந்தத் தரவை எடுத்துக்கொண்டார். 1963-ல் இருவரும் சேர்ந்து சொன்னது இது: கடல்தரை முகட்டில் பிளந்து, அடியிலிருந்து பாறைக்குழம்பு வந்து உறைந்து, இரண்டு பக்கமும் விலகிப் போகிறது. உறையும்போது அந்தக் காலத்துக் காந்தத் திசை அதில் பதிந்துவிடுகிறது. பூமியின் காந்த வடக்கு தெற்கு அவ்வப்போது தலைகீழாகிற வழக்கம் உள்ளதால் பட்டை பட்டையாக விழுகிறது. இரண்டு ஊகங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய ஊகம், இரண்டுமே அப்போது முழுதாக நிரூபணமாகவில்லை. கனடாவின் லாரன்ஸ் மார்லி தனியாக இதே எண்ணத்தை எழுதி இரண்டு பத்திரிகைகளுக்கு அனுப்பினார், இரண்டும் திருப்பி அனுப்பின. இதெல்லாம் விருந்துகளில் பேசிக்கொள்ள நன்றாக இருக்கும், ஆய்விதழில் போடுகிற விஷயமில்லை என்பதாக ஒரு மதிப்பீட்டாளர் எழுதினாராம்.

ஊகம் என்ற காரணத்துக்காக மட்டுமே தள்ளியது அங்கே நடந்த தவறு. இந்த ஊகம் தன் கழுத்தை நன்றாக நீட்டி வைத்திருந்ததை அவர் பார்க்கவில்லை. இது உண்மை என்றால் முகட்டின் இரண்டு பக்கப் பட்டைகளும் நடுவில் மடித்த ஜமுக்காளம் போல ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும், முகட்டிலிருந்து தள்ளிப் போகப் போகத் தரைக்கு வயது கூட வேண்டும், மிகப் பழைய கடல்தரை என்பதே இருக்கக் கூடாது. இதில் எது தவறினாலும் மொத்தமும் போச்சு. 1966-ல் எல்டானின் என்ற கப்பல் பசிபிக் பெருங்கடலின் தென்கோடியில் எடுத்த ஒரு வரி அளவு வந்தது, இடதும் வலதும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றாக இருந்தன. 1968-ல் புறப்பட்ட குளோமர் சேலஞ்சர் கப்பல் தெற்கு அட்லாண்டிக்கில் தரையைத் துளைத்து எடுத்த மண்ணின் வயது முகட்டிலிருந்து தள்ளத் தள்ள ஏறிக்கொண்டே போனது. இன்று வரைக்கும் பெரும் சமுத்திரங்களின் தரையில் சுமார் 20 கோடி ஆண்டைத் தாண்டிய பகுதி கிடைப்பதில்லை. லால்பாகில் கெம்பேகவுடா கோபுரம் நிற்கிற பாறைமேல் ஏறி நில்லுங்கள், அது சுமார் 300 கோடி ஆண்டு. கண்டம் பழசு, கடல்தரை புதுசு. ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளை அங்கே கூட்டிப்போய்த்தான் இவ்வளவையும் சொன்னேன், பாறையில் உட்கார்ந்து வேர்க்கடலை சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்.

"அப்ப மொரீஷியஸ்ல கிடைச்சது?"

கிடைத்தது உண்மைதான். 2013-ல் மொரீஷியஸ் கடற்கரை மணலில் ஜிர்கான் என்ற சின்னப் படிகங்கள் கிடைத்தன, தீவைவிடப் பல மடங்கு பழையவை. மணல் காற்றில் வந்திருக்கலாமே, யாருடைய செருப்பில் ஒட்டிக்கூட வந்திருக்கலாமே என்று உடனே கேட்டார்கள், கேட்க வேண்டிய கேள்வி. அதனால் 2017-ல் மணலை விட்டுவிட்டுப் பாறைக்குள்ளேயே தேடினார்கள். சில பத்து லட்சம் ஆண்டு வயதுள்ள எரிமலைப் பாறைக்கு உள்ளே 300 கோடி ஆண்டுப் படிகம் இருந்தது. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தபோது இழுபட்டு மெலிந்து உடைந்த ஒரு சில்லு எரிமலைக் குழம்புக்கு அடியில் கிடக்கிறது என்று சொன்னார்கள், 2013-லேயே அதற்கு மொரீஷியா என்று பெயரும் வைத்திருந்தார்கள். பிரிந்தது 8 கோடி ஆண்டுக்கும் முன்னால், நம் மனித இனத்துக்கு வயது சுமார் 3 லட்சம் ஆண்டுதான். அந்தச் சில்லில் எந்த மனிதரும் நடந்ததில்லை, எந்த மொழியும் பேசப்பட்டதில்லை.

நம் கடல்கோள் நினைவு தனிக்கேள்வி, அதை லெமூரியாவோடு கட்டிப்போட வேண்டிய அவசியமே இல்லை. சுமார் 20,000 ஆண்டுக்கு முன் பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது, பாக் நீரிணை தரையாக இருந்தது, குமரிக் கரையும் இன்னும் தள்ளி இருந்திருக்கும். கடல் ஏறியதில் கொஞ்சம் கொஞ்சமாகப் போன நிலம் உண்டு. கண்டம் அளவுக்கு இல்லை, ஆனால் ஆறும் குன்றும் ஊரும் இருக்கிற அளவுக்கு இருந்திருக்கலாம். இது கடலடியில் போய்த் தேடிச் சரிபார்க்கக்கூடிய ஊகம், அதனால் இதுதான் நமக்குப் பெருமை தரக்கூடிய ஊகம் என்றும் நினைக்கிறேன்.

சரி, தேவாங்கு? இங்கேதான் எனக்கே முதல்முறை படித்தபோது ஆச்சரியம். கண்டம் மூழ்கவில்லை நகர்ந்தது என்று தெரிந்ததும், இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்தபோது லெமூர்கள் பரவின என்று முடித்துவிடலாம் போலத் தோன்றும். முடியாது. இரண்டும் பிரிந்தது சுமார் 8.8 கோடி ஆண்டுக்கு முன். லெமூரும் தேவாங்கும் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்தது அதற்கு வெகு பின்னால், 6, 7 கோடி ஆண்டு வாக்கில் என்றுதான் மரபணுக் கணக்குகள் பெரும்பாலும் சொல்கின்றன. பாலம் போன பிறகு பிறந்தவர்கள் பாலத்தில் நடந்திருக்க முடியாது. தேவாங்குக் குடும்பத்தின் பழைய படிவங்கள் எகிப்தின் ஃபயூம் பகுதியில் சுமார் 3.7 கோடி ஆண்டுப் பாறையில் கிடைக்கின்றன, பாகிஸ்தானின் பொட்வார் பகுதியில் சுமார் 80 லட்சம் ஆண்டுப் பாறையில் ஒன்று. ஆப்பிரிக்காவிலிருந்து நிலவழியாக ஆசியாவுக்கு வந்தது என்பதே இப்போது பலரும் ஏற்கிற விடை.

மடகாஸ்கர் லெமூர்களுக்கோ இன்னும் துணிச்சலான விடை. புயலில் பெயர்ந்த மரத்திட்டுகளில் தொற்றிக்கொண்டு சுமார் 400 கிலோமீட்டர் கடலைக் கடந்திருக்கும் என்றார் அமெரிக்கரான ஜார்ஜ் கேலார்ட் சிம்ப்சன், 1940-ல். கேட்டதும் சிரிப்பு வரும். ஆனால் இதற்கும் உடனே ஒரு சோதனை வந்தது, இன்றைய கடலோட்டம் எதிர்த்திசையில் ஓடுகிறதே? 2010-ல் ஜேசன் அலி, மேத்யூ ஹூபர் இருவரும் பழைய காலக் கண்ட அமைப்பை வைத்துக் கணினியில் கடலோட்டத்தைக் கணக்கிட்டபோது, அந்தக் காலத்தில் ஓட்டம் ஆப்பிரிக்காவிலிருந்து மடகாஸ்கர் பக்கம் சில சமயம் வேகமாக ஓடியிருக்கும் என்று வந்தது. இடையிடையே நிலத்திட்டுகள் எழுந்து மறைந்தன என்று வாதிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வழக்கு முடியவில்லை.

இதே சிம்ப்சன் 1967-ல் கென்யாவில் கிடைத்த ஒரு தாடைப் படிவத்துக்கு புரோபோட்டோ என்று பெயர் வைத்து, தேவாங்கின் சொந்தம் என்றார். சுமார் 2 கோடி ஆண்டுப் பழசு. இரண்டு வருடத்தில் இன்னொருவர் இது வௌவால் என்றார், சிம்ப்சனும் ஏற்றுக்கொண்டார், அதன்பின் ஐம்பது வருடம் போல அது வௌவாலாகவே கிடந்தது. 2018-ல் மறுபடி எடுத்துப் பார்த்தவர்கள் பல்லமைப்பை வைத்து, இது மடகாஸ்கரின் ஐ-ஐ என்ற விநோத லெமூரின் சொந்தம் என்றார்கள். அது சரியென்றால் லெமூர்கள் கடலை ஒரு தடவை கடக்கவில்லை, தனித்தனியாக இரண்டு தடவை, நினைத்ததைவிடப் பிந்திக் கடந்திருக்கின்றன.

லால்பாக் பாறையிலிருந்து இறங்கும்போது அவள் கேட்டாள், "இந்த மரத்திட்டுக் கதை தப்புன்னு காட்ட என்ன வேணும் மாமா?"

"மடகாஸ்கர்ல ஒம்பது கோடி வருஷப் பாறைக்குள்ள ஒரு லெமூர் பல். ஒரே ஒரு பல் போதும்."

"யாராவது தேடுறாங்களா?"

தேடுகிறார்கள், ஆனால் அங்கே டைனோசர் காலம் முடிந்ததிலிருந்து சமீபகாலம் வரைக்கும் நிலவாழ் பாலூட்டிகளின் படிவமே கிட்டத்தட்ட இல்லை, 6 கோடி ஆண்டுக்கும் மேலான வெற்றிடம் என்று சொன்னேன். வாசல் வரும்வரை பேசாமல் நடந்தவள், அந்த இடைவெளிக்குரிய பாறை மடகாஸ்கரில் எந்தப் பக்கம் வெளியே தெரிகிறது என்று போனில் தேட ஆரம்பித்திருந்தாள்.